படுதா போடாத வண்டிக்குக் காற்று இல்லை

பாய் ரோட்டில் இறங்கினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பார்க்கத் தைரியம் இருக்காது. மேட்டிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி இறங்கி வந்துகொண்டிருக்கும். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டயர் கழற்றும் லிவரைக் கையில் பிடித்தபடி, ரோட்டுக்கு நடுவில் போய் நிற்பார். கை காட்ட மாட்டார், லிவரை ஆட்ட மாட்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சும்மா நிற்பார். பிரேக் சத்தம் கிறீச்சிட்டு அடங்கிய பிறகுதான் நான் திரும்பிப் பார்ப்பேன்.

"ஏனுங்க பாய், சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்பார்.

"படுதாவப் போடு."

"நாலு கிலோமீட்டருக்குப் படுதாவா?"

"அந்த நாலு கிலோமீட்டர்ல ரெண்டு பள்ளிக்கொடம் இருக்குது. ஒரு பால் சொசைட்டி இருக்குது. நான் இருக்கறேன். போடு."

டிரைவர் வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டே மேலே ஏறி, சுருட்டி வைத்திருக்கும் தார்ப்பாய்ப் படுதாவை இழுத்து மூடிக் கயிறு கட்டுவார். அதுவரை பாய் நகர மாட்டார். பின்னால் நாலு வண்டி நின்று ஹாரன் அடித்தாலும் நகர மாட்டார்.

வளைவு தாண்டியதும் அவிழ்த்துவிடுவார்கள் பாய், எதற்கு இந்த வம்பு என்று நான் ஒருநாள் கேட்டேன். "அவுக்கறதுக்கும் எறங்கி ஏறணுமில்ல? ஒருநாளைக்கு ரெண்டு தடவ ஏறி எறங்குனா மூணாம் நாள் சலிச்சுப்போயி அப்படியே உட்ருவான்" என்றார். உண்மையிலேயே சிலர் அப்படி விட்டுவிட்டார்கள்.

அவர் வைத்திருந்தது பஞ்சர் கடை. பெயர்ப் பலகை கிடையாது. பழைய லாரி டயர் ஒன்றை வாசலில் நட்டு, அதில் வெள்ளைப் பெயிண்டில் 'பஞ்சர்' என்று எழுதியிருந்தார். டிப்பர்கள் பெருகிய பிறகு, கடைச் சுவரில் சுண்ணாம்பால் கோணல்மாணலாக இன்னொரு வரி ஏறியது. 'படுதா போடாத வண்டிக்குக் காற்று இல்லை.' எழுதியதோடு நிற்கவில்லை, அப்படியே செய்தார். பின் டயரில் காற்று குறைந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்து நிற்கும். மேலே படுதா இல்லையென்றால் பாய் கம்ப்ரசரைத் தொட மாட்டார்.

எங்கள் ஊர் சங்ககிரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். முன்பு கடலைக்காடும் சோளக்காடும் நாலைந்து தறிக்கொட்டகையுமாக இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு கரடு, முழுவதும் பாறையான சின்னக் குன்று. ஆற்று மணல் கிடைக்காமல் போய், பாறையை அரைத்து மணல் செய்கிற காலம் வந்ததும் அந்தக் கரட்டுக்கு யோகம் அடித்தது. குவாரி வந்தது. மூன்று கிரஷர் வந்தன. எடைமேடை, பிரியாணிக் கடை, செல்போன் கடை, சாராயக் கடை எல்லாம் பின்னாலேயே வந்தன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரண்டே வருஷத்தில், ஊரில் எனக்குத் தெரியாத முகங்கள் தெரிந்த முகங்களைவிட அதிகமாகிவிட்டன.

எனக்கும் அதில் லாபம்தான், மறைக்க என்ன இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பாய் கடைக்குப் பின்னால் அப்பா விட்டுப்போன காட்டுத் துண்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வரிசையாக எட்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டேன். கட்டிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் ரூம் சுவரில் கீறல் விழுந்ததா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். கீறல் மேல் பசை தடவிக் காகிதத் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பேன். காகிதம் கிழிந்தால் கீறல் அகலமாகிறது என்று அர்த்தம்.

பாய் ஒருநாள் உள்ளே வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, செவுத்துக்கு அம்மை போட்டிருக்குதா?"

"கீறல் பாய். கம்பெனிக்காரங்ககிட்டக் காட்டறதுக்கு."

"காட்டுனியா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குச் சாமி பசைய வீணாக்கற?"

அவ்வளவுதான், போய்விட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. அவரிடம் பேசிவிட்டு வந்தால் எனக்குப் பயம் கூடத்தான் செய்யும்.

டிப்பரால்தான் அவர் பிழைப்பே ஓடியது. அதை வைத்தே ஊரில் குத்திக்காட்டுவார்கள். டீக்கடையில் ஒருத்தர் கேட்டார், "டிப்பர் சோறு போடுது, டிப்பரையே மறிக்கறீரே பாய், அடுக்குமா?"

"சோறு போடறான்னு அதும்மேல மண்ணையும் அள்ளிப் போட்டா, தின்னுட்டு ஏப்பம் உடோணுங்களா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

இதனால் அவரை நல்ல மனுஷர் என்று எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதி ஊருக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்கே ஒரு வருஷம் அவரோடு பேச்சு இல்லை. என் மைத்துனன் கடன் வாங்கிச் சொந்தமாக முதல் வண்டி எடுத்தான். முதல் லோடு. பூசை போட்ட மாலைகூட வாடவில்லை. அவசரத்தில் படுதா கட்டாமல் வந்துவிட்டான். பாய் மறித்தார். படுதாவே வாங்கவில்லை அவன். "வாங்கியாந்து போட்டுட்டுப் போ" என்றார். என் பெண்டாட்டி போய்க் கெஞ்சினாள். "மொத லோடுங்க பாய், இன்னிக்கு ஒருநாள்." கேட்கவில்லை. சங்ககிரி போய்ப் படுதா வாங்கி வருவதற்குள் இறக்குமிடத்தில் வேறு வண்டி வைத்துக்கொண்டார்கள். மைத்துனனுக்கு அந்த வேலையே போயிற்று. பாய்க்கு அது தெரியும். கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

குழாயடி விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆள் பெருகியதும் தண்ணீர் பற்றவில்லை. பஞ்சாயத்துக் குழாயில் எங்கள் ஊர்ப் பெண்களுடைய குடம் முதலில், வெளியூர்ப் பெண்களுடைய குடம் கடைசியில் என்று பேச்சில்லாமலே ஒரு சட்டம் வந்துவிட்டது. வரிசையில் முன்னால் குடத்தை வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அது பின்னால் தள்ளப்பட்டிருக்கும். என் ரூம்களில் இருந்த ஒடிசாப் பெண்கள் தினமும் கடைசிச் சொட்டுக்கு நிற்பார்கள். வாடகைக்கு விட்டவன் நான், கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் பாய் தன் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், ஒடிசாப் பெண்களுக்கும் பின்னால் வைத்துவிட்டு நின்றார். ஆம்பிளை யாரும் குழாயடிக்கு வருவதில்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"பாய், நீங்க முன்னால வாங்க. நீங்க நம்ம ஊரு."

"நானும் வந்தவந்தானுங்க. முப்பது வருசத்துக்கு முன்னால வந்தா ஊருக்காரன், மூணு மாசத்துக்கு முன்னால வந்தா அயலூரா? எந்த வருசத்துல கோடு கிழிச்சிருக்கறீங்கன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன குடத்த நகத்திக்கறேன்."

அவர் குடத்தை நகர்த்தவில்லை. நாலு நாள் அப்படியே நின்றார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "ஊட்டுல குடிக்கத் தண்ணியில்ல, இவரு குழாயடில நாயம் பேசறாரு." ஐந்தாம் நாள் பெண்கள் எரிச்சல் தாங்காமல், யார் குடம் முன்னால் வருகிறதோ அதற்கே முதல் தண்ணீர் என்று விட்டுவிட்டார்கள். அன்பால் இல்லை. பாயை அங்கிருந்து கிளப்புவதற்காக.

ஒடிசாக்காரர்களோடு அவர் பேசுவது வேடிக்கையாக இருக்கும். முஸ்லிம் என்றால் இந்தி தெரியும் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. குவாரி மேனேஜர்கூட ஒருமுறை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். "எனக்குத் தெரிஞ்ச இந்தியெல்லாம் லாரிக்குப் பொறத்தால எழுதியிருக்கறதுதானுங்க" என்றார் பாய். அவர் அவர்களிடம் பேசியது எங்கள் ஊர்த் தமிழேதான், கொஞ்சம் சத்தமாக. அவர்களும் புரிந்துகொண்டார்கள்.

இனி கம்பம் நட்ட வருஷத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாரியம்மனுக்குப் பங்குனியில் நோன்பு. கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள மரக்கம்பம் நடுவார்கள். தினமும் காலையில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகக் கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவார்கள். நடுவதற்கும் பிடுங்குவதற்கும் இடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்பம் நட்டபோது ஊரில் இருந்தவர்கள், பிடுங்குகிறவரை வேறு ஊரில் போய் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் அம்மனுக்குக் கோபம், ஊருக்கு நோய். ஆட்டையாம்பட்டியில் என் அக்காளுக்குப் பிரசவம் ஆனபோதுகூட அம்மா பொழுதோடு திரும்பி வந்துவிட்டாள்.

அந்த வருஷம் கம்பெனி மேல் ஊருக்குக் கடுப்பு. வெடியால் வீடுகளில் கீறல், தறிநூலில் தூசி, ரோடு குழி. மனு கொடுத்திருந்தார்கள். ஊரைச் சமாதானப்படுத்த மேனேஜர் ஒரு யோசனை செய்தார். திருவிழாவுக்குச் சீரியல் லைட்டும் அலங்கார வளைவும் கம்பெனி செலவு. அதோடு நிற்காமல், கம்பம் நடுகிற அன்று தொழிலாளர்கள் எல்லோருக்கும் மஞ்சள் பனியன் கொடுத்து, ஆளுக்கொரு குடம் கொடுத்து வரிசையாக அழைத்து வந்தார். பெண்களும் வந்தார்கள். எல்லோரும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். போட்டோ எடுத்து, மறுநாளே கோயில் வாசலில் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் கைகூப்பிய ஓனர், சுற்றிலும் மஞ்சள் பனியன்கள். மேலே கொட்டை எழுத்தில் 'ஊரோடு நாங்கள்'.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி சுமாருக்குக் குவாரியில் பாறை சரிந்து ஓர் ஆள் செத்துப்போனார். ஒடிசாக்காரர், டிரில் போடுகிறவர். என்னுடைய நாலாம் நம்பர் ரூமில் பெண்டாட்டியோடு இருந்தவர். அவரோடு கயிறு கட்டி வேலை செய்த நாலு பேர், பக்கத்து ரூம். அடுத்த நாள் சேலத்தில் பிரேதப் பரிசோதனை முடித்து அங்கேயே தகனமும் செய்துவிட்டார்கள். அந்தப் பெண் அஸ்திக் கலயத்தோடு பொழுதுக்குள் ரூமுக்குத் திரும்பி வந்தாள்.

கம்பெனி ஒரு கதை சொன்னது. நோன்புக்காக அன்றைக்கு லீவு விட்டிருந்தோம், இந்த ஆள் குடித்துவிட்டுத் தானாக மேலே ஏறிப்போய் விழுந்துவிட்டான் என்று. அடுத்த வாரம் சங்ககிரியில் அதிகாரிகள் விசாரணை. நாலு பேரும் அதுவரை இருந்தால் அந்தக் கதை நிற்காது.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அதிகம் வராது. நாலு பேரில் ஒருத்தன்தான் என்னிடம் சொன்னான். "அவ ஊருக்குப் போகமாட்டா அண்ணா. குடிக்கல, வேலை செஞ்சான், அப்படிப் பேப்பர்ல எழுதணும். எழுதுனா போவா."

அதற்கு மறுநாள் காலை மேனேஜர் என்னைத் தேடி வந்தார். ஊர்க்காரர்தான், எனக்குத் தூரத்துச் சொந்தம்.

"தம்பி, நாலு மணிக்கு வேன் வருது. அந்தப் பொண்ணையும் நாலு பசங்களையும் ஏத்தி உட்ரு. டிக்கெட் போட்டாச்சு."

"விசாரணை இருக்குதுங்களே."

"அதுக்கு நாங்க இருக்கறம். அதுக பாவம், சொந்தபந்தத்தப் பாக்கவேண்டாமா?" பிறகு ரூம்களைச் சுற்றிப் பார்த்தார். "உன்ற ரூமுக்கு வர்ற தடம் எங்க சர்வே நம்பர்ல வருது. தெரியுமில்ல?"

தெரியும். அந்தத் தடத்தை அடைத்தால் ரூம்களுக்குப் போக வேறு வழியே இல்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தான், இதில் யார் மேலும் பழி போட முடியாது. உள்ளே போய்ப் பூட்டு சாவியெல்லாம் எடுத்து வைத்தேன். நாலு பேரும் பயந்து மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் பாயிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார், திட்டு வாங்கினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கம்பம் நட்டு எத்தன நாளாச்சு?"

"இன்னியோட ஏழு."

ட்யூபை அப்படியே தொட்டியில் விட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். கடையில் அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. "வா" என்றார்.

கோயிலில் தர்மகர்த்தா இருந்தார். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அவர் வார்த்தைதான் முடிவு. நாலைந்து பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் குழாயடிப் பெண்கள்தான். எங்களைப் பார்த்து மேனேஜரும் பைக்கை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"தர்மகர்த்தா, ஒரு சந்தேகமுங்க. கம்பத்துக்குத் தண்ணி ஊத்துனவங்க, கம்பம் இருக்கறப்ப வெளியூர்ல ராத்தங்கலாமுங்களா?"

"அது எப்படித் தங்க முடியும்? இதென்ன புதுசாக் கேக்கறீரு?"

"ஒடிசாக்காரங்க அஞ்சு பேர இன்னிக்கு வேன்ல ஏத்தி அனுப்பறாங்களாம்."

தர்மகர்த்தா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சிரித்தார்.

"கட்டுப்பாடு ஊர்க்காரங்களுக்குத்தானுங்க மாமா. இதுக பொழைக்க வந்ததுக."

"ஆமா பாய்" என்றார் தர்மகர்த்தா. "அது நமக்குத்தான். வந்தவங்களுக்கு எப்படி?"

"அப்படிங்களா. நான் இந்த ஊருக்கு வந்த மொத வருசம், நோம்பி சமயத்துல தங்கச்சி கண்ணாலத்துக்குன்னு பஸ் ஏறுனேன். டிக்கெட்டுகூட எடுத்துட்டேன். உங்கப்பாதான் பஸ்ஸுக்குள்ள ஏறி வந்து என்ற சட்டையப் புடிச்சாரு. 'கம்பம் நட்டப்ப ஊர்ல படுத்துருந்தீல்ல? எறங்கு'ன்னாரு. நான் துலுக்கனுங்க, எனக்கென்ன கம்பம்னு சொன்னேன். 'நீ எந்தச் சாமியக் கும்பிட்டா எனக்கென்ன, அம்மன் ஊர்ல தூங்குனவனத்தான் எண்ணுவா'ன்னாரு. தங்கச்சி கண்ணாலத்த நான் பாக்கலீங்க. அன்னிலேர்ந்து ஒரு வருசம்கூட நான் கம்பம் இருக்கறப்ப வெளிய படுத்ததில்ல. உங்கப்பா பண்ணுனது தப்புன்னா இப்பச் சொல்லிருங்க."

தர்மகர்த்தாவுக்கு முகம் மாறிவிட்டது. அப்பா பேரை இழுத்தது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

மேனேஜர் குரலை உயர்த்தினார். "இது உங்க சாமியாங்க பாய்? உங்களுக்கு இதுல என்ன?"

"நான் கும்புடறது வேறீங்க. குடியிருக்கறது இந்த ஊரு." பிறகு வாசலில் இருந்த பிளெக்ஸைக் கை காட்டினார். "இதுல மஞ்சப் பனியன் போட்டிருக்கறது ஆருங்க? வேடிக்க பாக்க வந்தவங்களா? கொடத்தக் கையில குடுத்து ஊத்தச் சொன்னது ஆரு? 'ஊரோடு நாங்கள்'னு எழுதியிருக்கறது எனக்குப் படிக்கத் தெரியுது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

மேனேஜர் பிளெக்ஸைப் பார்த்தார். அதில் இரண்டாவது வரிசையில் செத்துப்போனவர் இருந்தார். பக்கத்தில் அந்தப் பெண், குடத்தைச் சாய்த்தபடி.

பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்தாள். ஒடிசாக்காரிகளின் குடத்தை அதிகமாகத் தள்ளியவளே அவள்தான். "ஏனுங்க மாமா, ஊத்துனவ போகக்கூடாதுங்க. போன வருசம் என்ற பேரனுக்கு அம்மை வாத்து இருவது நாளு கெடந்தான். இந்த வருசம் ஏதாச்சும் ஆனா வேன்காரன் வந்து வேப்பல வீசுவானா?"

"அதான" என்றாள் இன்னொருத்தி. "கூட்டியாந்து ஊத்தச் சொல்லீட்டு இப்ப ஓட்டறீங்களே. வெளையாட்டா இது?"

அவர்களுக்கு அந்தப் பெண் மேல் இரக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மன் மேல் பயம் இருந்தது. தர்மகர்த்தாவுக்கும் அதேதான். மேனேஜரிடம், "வேனத் திருப்பி அனுப்பீரு மாப்பள. கம்பம் புடுங்கட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

"ஓனர் என்ன சொல்லுவாரோ."

"சீரியல் லைட்ட வேணுமுன்னா கழட்டிக்கச் சொல்லு."

நாலு மணிக்கு வேன் வந்து, நின்று, போயிற்று.

விசாரணை அன்று மினி ஆட்டோவில் அந்தப் பெண்ணும் நாலு பேரும் ஏறினார்கள். பொழுதுக்குள் ஊர் திரும்புகிற மாதிரி பாயே வண்டி ஏற்பாடு செய்திருந்தார். நான் ஓரமாக நின்றேன். பாய் என்னைக் கூப்பிடவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். செத்துப்போனவர் அன்று காலை ஆறு மணிக்குச் சோற்று டப்பாவோடு வேலைக்குப் போனதைப் பார்த்தவன் நான். கீறலில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தேன், தலையாட்டிவிட்டுப் போனார். இதைப் பாயிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஏறிவிட்டேன்.

அதிகாரி முன்னால் நாலு பேரும் சொன்னார்கள், ஒருத்தர் மொழிபெயர்த்தார். "நாலு பேரும் கூட்டாளிங்க, அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் கம்பெனி தரப்பு ஆள். அதிகாரி நிமிர்ந்து, வேறு யாராவது பார்த்தவர்கள் உண்டா என்றார். என் கை தானாக மேலே போயிற்று. பார்த்ததைச் சொன்னேன்.

"அவர் குடிச்சிருந்தாரா?"

"இல்லீங்க. குடிக்கறவங்களுக்கு நான் ரூம் குடுக்கறதே இல்லீங்க."

"ஏன்?"

"பயமுங்க."

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு எழுதினார். பாயிடம், நீங்கள் யார், சொந்தமா, சாட்சியா என்று கேட்டார். "ரெண்டுமில்லீங்க. பஞ்சர் கடை" என்றார் பாய்.

வேலையில் இருக்கும்போது பாறை சரிந்து இறந்தார் என்று அறிக்கை வந்தது. குடி என்ற சொல்லே அதில் இல்லை. பதினைந்தாம் நாள் கம்பம் பிடுங்கி, இரண்டு நாள் கழித்து, அந்த அறிக்கையின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்தப் பெண் ரயிலேறினாள். நாலு பேரையும் குவாரியில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர்கள் பக்கத்துக் கிரஷரில் சேர்ந்து, என் ரூமிலேயே இருந்தார்கள். கம்பெனி டிப்பர் எதுவும் பாய் கடைப் பக்கம் திரும்பக் கூடாது என்று உத்தரவு. பாதி நாள் அவர் கம்ப்ரசரை ஓட்டவே இல்லை. படுதா போடாத வண்டியை மறிப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ரூம்களுக்குப் போகிற தடத்தில் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டியிருந்தது. உள்ளே எட்டு ரூம் ஆட்கள். வேலைக்குப் போகிற நேரம். அந்தப் பக்கம் மேனேஜர் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் பாய் கடைக்குப் பின்பக்கச் சுவர் ஓரம் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் கடை ரோட்டைப் பார்த்தது. அதன் பின்சுவர்தான் என் காட்டுக்கு எல்லை. பயந்ததெல்லாம் நடந்துவிட்டது, இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்றுகூடத் தோன்றியது.

சுவரில் உள்ளிருந்து ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டது. நகர்ந்து நின்றேன். ஒரு செங்கல் வெளியே வந்து விழுந்தது. அப்புறம் இன்னொன்று. ஓட்டையில் கடப்பாரையின் முனை தெரிந்தது. உள்ளே பாயின் மனைவி குரல். "அறிவிருக்குதா உங்களுக்கு? சொந்தக் கடைய ஆராச்சும் இடிப்பாங்களா?"

"செவுத்தத்தான் இடிக்கறேன். கடை அப்படியேதான் இருக்குது."

ஓர் ஆள் குனிந்து வருகிற அளவுக்கு இடித்தார். தூசி அடங்கியதும் தலையை நீட்டி, "வரச்சொல்லு, லேட்டாகுதில்ல" என்றார். சோற்று டப்பாவோடு ஒவ்வொருத்தராகக் குனிந்து நுழைந்து, டயர்களுக்கும் ட்யூப்களுக்கும் நடுவில் புகுந்து ரோட்டுக்குப் போனார்கள். பாய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஆள் போகும்போதெல்லாம் காலைத் தூக்கி வழிவிட்டார். "மெதுவா, மெதுவா. ட்யூப மிதிச்சறாத."

மேனேஜர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்று பார்த்தார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

கடைசி ஆளும் போன பிறகு நான் உள்ளே போனேன். செங்கல் தூள் அவர் புருவமெல்லாம் படிந்திருந்தது.

"எத்தன நாளைக்குங்க பாய் இப்படி?"

"நான் செவுத்தக் கட்டறமுட்டும்."

அவர் கட்டவில்லை.